மட்டக்களப்பு மட்டும் ஏன் திசைகாட்டிக்கு விழல்ல? 2024 முடிவை பிரிச்சு பாத்தா

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தல் முடிஞ்சு அடுத்த நாள் எல்லாரும் ஃபோன்ல பாத்த அந்த மேப் ஞாபகம் இருக்கும். 22 தேர்தல் மாவட்டத்துல 21 திசைகாட்டிக்கு, அதாவது அநுரட தேசிய மக்கள் சக்திக்கு, போயிட்டுது, யாழ்ப்பாணமும் வன்னியும் கூட, மிச்சம் கிடந்தது கிழக்குக் கரையில நீட்டுக்கு ஒரு துண்டு, மட்டக்களப்பு. வீடு (தமிழரசுக் கட்சி) 96,975 வாக்கு எடுத்து 3 சீட், திசைகாட்டி 55,498 எடுத்து 1, மரம் (முஸ்லிம் காங்கிரஸ்) 40,139 எடுத்து 1. அண்டையில இருந்து ரெண்டு கதைதான் ஓடுது. மட்டக்களப்பு சனம்தான் தமிழ்த்தேசியத்த கடைசி வரைக்கும் விடாத சனம் எண்டு ஒரு புகழ்ச்சி, இது கூடுதலா யாழ்ப்பாணத்துல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் வருது. நாடே மாறக்குள்ள மாறாத சனம் எண்டு ஒரு நக்கல், இது தெற்குல இருந்தும் நம்மட பொடியன்மார் சில பேரிட்ட இருந்தும் வருது. ரெண்டையும் சொல்றவங்க இந்த மாவட்டத்துட பழைய ரிசல்ட் ஷீட்ட விரிச்சு பாக்கல்ல எண்டுதான் நான் நினைக்கிறன்.

விரிச்சு பாத்தா என்ன தெரியும். நாலு வருசம் முந்தி, 2020 ஓகஸ்ட்ல, இதே வீடு எடுத்தது 79,460, ரெண்டு சீட். முன்னாள் முதலமைச்சர் பிள்ளையான்ட படகு (தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி) 67,692. அவர் அப்ப மறியலுக்குள்ள, எம்பி ஜோசப் பரராஜசிங்கம் கொலை வழக்குல விளக்கமறியல், மேடையில ஏறவும் ஏலாது, ஆனா மாவட்டத்துலயே ஆகக்கூடின விருப்பு வாக்கு (கட்சிக்குள்ள ஆளப் பாத்து போடுறது) அவருக்குத்தான், 54,198. (அந்த வழக்குல 2021 ஜனவரில விடுதலையும் ஆனார்.) மொட்டுல (ராஜபக்சட கட்சி) நிண்ட வியாழேந்திரனும் பார்லிமெண்டுக்கு போனார். அப்ப அரசாங்கப் பக்கம் ரெண்டு தமிழ் எம்பி, கூட்டமைப்புல (வீட்டுச் சின்னத்துல நிண்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு) ரெண்டு, மரத்துல ஒண்டு. 2020ல அப்படி போட்ட சனம் நாலு வருசத்துல கொள்கைக் குன்றா மாறிட்டுதா? இன்னும் பின்னுக்கு போனா, 2004ல கூட்டமைப்புக்கு இந்த மாவட்டத்துல 161,011, 2010ல 66,235, 2015ல 127,185, மறுகா 79 ஆயிரம், மறுகா 97 ஆயிரம். கொள்கை இப்படி ஏறி இறங்காது. வேற ஏதோ ஒண்டு ஏறி இறங்குது.

ஜனாதிபதித் தேர்தல்ல வேற ஆள்

நவம்பருக்கு ரெண்டு மாசம் முந்தி, செப்டம்பர் 21, ஜனாதிபதித் தேர்தல். தமிழ்ப் பொது வேட்பாளர் எண்டு சங்குச் சின்னத்துல நிண்டவர் அரியநேத்திரன், நம்மட படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) மனுசன், முன்னாள் மட்டக்களப்பு எம்பி. தமிழ்த்தேசியம்தான் இந்த மாவட்டத்துட முதல் கணக்கு எண்டா அவருக்கு இஞ்ச குவிஞ்சிருக்கணும். கிடைச்சது 36,905. யாழ்ப்பாணத்துல 116,688! சொந்த ஊரைவிட யாழ்ப்பாணத்துல மூண்டு மடங்குக்கு மேல. இஞ்ச முதலாவதா வந்தது சஜித், 139,110, அடுத்தது ரணில் 91 ஆயிரம், அநுர 38,832. தமிழரசுக் கட்சி சஜித்துக்கு போடச் சொன்னது ஒரு காரணம்தான், ஆனா முழுக் காரணம் இல்ல, ஏனெண்டா கட்சி சொன்னா சனம் கேக்கிற ஊர் இது இல்ல.

இஞ்ச ஜனாதிபதித் தேர்தல் எண்டா ஆரை ஏத்துறது எண்டில்ல, ஆரை ஏறவிடாம தடுக்கிறது எண்டதுதான் கேள்வி. 2010ல சரத் பொன்சேகாவுக்கு கிட்டத்தட்ட 69 வீதம் விழுந்தது, யுத்தத்த நடத்தின ஆமிக் கொமாண்டருக்கு! அதுக்கு பொன்சேகாவில பாசம் எண்டு ஆரும் அர்த்தம் சொல்ல ஏலாது, மகிந்தவுக்கு எதிரா கையில கிடைச்ச தடி அது. 2015ல மைத்திரிக்கு 82 வீதம், 2019ல சஜித்துக்கு 79 வீதம், எல்லாம் அதே கணக்கு. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒண்டா ஒரே பெட்டியில போட்டதும் அந்த மூண்டு தேர்தல்லதான். 2024ல தடுக்கிறதுக்கெண்டு பயப்படுத்துற ராஜபக்ச ஆரும் இல்ல, நாமல் நிண்டார்தான், அவரை ஆரும் கணக்கெடுக்கல்ல. பயம் போனதும் வாக்கும் நாலாப் பக்கம் சிதறிப்போச்சு. சஜித்துக்கு 79ல இருந்து 44க்கு இறங்கினது அதாலதான்.

நவம்பர்ல யாழ்ப்பாணத்துல திசைகாட்டி 27,086ல இருந்து 80,830க்கு பாஞ்சுது, ரெண்டு மாசத்துல மூண்டு மடங்கு. மட்டக்களப்புல 38,832 வெறும் 55,498. செப்டம்பர்ல அநுரவுக்கு யாழ்ப்பாணத்தவிட கூட போட்ட மாவட்டம் நவம்பர்ல ஏன் அந்தளவுக்கு பாயல்ல? கேஸே இந்தக் கேள்விதான்.

அஞ்சு கதிரைக் கணக்கு

மட்டக்களப்புக்கு அஞ்சு சீட். 2012 சனத்தொகைக் கணக்குப்படி மாவட்டத்துல தமிழ் ஆக்கள் 72 வீதம் போல, முஸ்லிம் ஆக்கள் 25 வீதம் சொச்சம். கேட்டா நாலுக்கு ஒண்டு எண்டு சுகமாப் பிரியும் போல இருக்கும். ஆனா அப்படி பிரியாது, ஏனெண்டா முதலாவதா வாற கட்சிக்கு ஒரு போனஸ் சீட் போகும், மிச்சம் நாலத்தான் வாக்கால பிரிக்கிறது, அதுலயும் 5 வீதத்துக்கு குறைஞ்ச கட்சிய வெட்டி எறிஞ்சிட்டு.

2020ஐ எடுத்து பாருங்க. மரம் 34,428. காத்தான்குடி ஹிஸ்புல்லா தனியா வண்ணாத்துப்பூச்சியில நிண்டு 31,054. முஸ்லிம் ஊர்களைத்தான் கூடுதலா நம்பி நிண்ட டெலிபோன் (சஜித்ட கட்சி) 28 ஆயிரம் சொச்சம். மூண்டையும் கூட்டுங்க, 93 ஆயிரத்துக்கு மேல வரும், வீடு எடுத்ததோ 79,460. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆக்கள் ஒரே பெட்டியில போட்டிருந்தா 72 வீதம் தமிழ் ஆக்கள் இருக்கிற மாவட்டத்துல போனஸ் சீட் அங்கால போயிருக்கும். அவங்க பிரிஞ்சு நிண்டதால தப்பினம். இதக் கணக்கா ஆரும் பள்ளிக்கூடத்துல படிப்பிக்கல்ல, ஆனா 2024 நவம்பர்ல செங்கலடியில தேத்தண்ணிக் கடையில இருந்து களுவாஞ்சிகுடி மீன் சந்தை வரைக்கும் ஓடின கதை இதுதான், தமிழ் வாக்கு இந்த முறை உடைஞ்சா ஒண்டுதான் மிஞ்சும் எண்டு. ஹிஸ்புல்லா திரும்ப மரத்துக்கு வந்ததும் அந்தப் பயத்துக்கு தீ மூட்டினது மாதிரி ஆச்சு.

2024 கணக்கயும் போட்டுப் பாத்தன். பெரிய அஞ்சு கட்சிட வாக்க நாலால பிரிச்சா ஒரு சீட்டுக்கு சுமார் 61 ஆயிரம் வரும். வீட்டுக்கு போனஸ் ஒண்டு, முழுசா ஒண்டு, மறுகா கையில மிச்சம் 35 ஆயிரம் போல. திசைகாட்டிக்கும் மரத்துக்கும் முழுசா வரல்ல, ஆனா மிச்ச வாக்கு கூட எண்டபடியா ஆளுக்கொண்டு. கடைசி சீட்டுக்கு வீட்டுட மிச்சம் 35 ஆயிரமும் படகுட 31 ஆயிரம் சொச்சமும்தான் போட்டி. நாலாயிரம் போல வாக்கு வித்தியாசத்துலதான் அந்த மூண்டாவது சீட் வீட்டுக்கு வந்துது. ஏதோ பேரலை எண்டு மேடையில கதைக்கிறாங்களே, வாழைச்சேனைப் பக்கம் ரெண்டு கிராமம் வேற மாதிரி நினைச்சிருந்தா பிள்ளையான் திரும்ப பார்லிமெண்டுல, வீடு ரெண்டோட நிண்டிருக்கும், மறுகா இந்த "மட்டக்களப்பு தமிழ்த்தேசியத்துட கோட்டை" கதை ஒண்டுமே வந்திருக்காது.

இந்தப் பயம் யாழ்ப்பாணத்தானுக்கு விளங்காது, குறை சொல்லல்ல, அவங்கட நிலைமை வேற. அங்க எந்தக் கட்சி வெண்டாலும் போறது தமிழ் ஆள்தான், திசைகாட்டில போன மூண்டு பேரும் தமிழ் ஆக்கள்தான். அதால கோவத்த கோவமாவே போட ஏலும். வீடு 63,327, சைக்கிள் (கஜேந்திரகுமார்ட கட்சி) 28 ஆயிரம், அர்ச்சுனாட சுயேச்சை 28 ஆயிரம் எண்டு உடைச்சு உடைச்சு போட்டாங்க, திசைகாட்டி நடுவுல பூந்து முதலாவதா வந்துது. இஞ்ச கோவம் இல்லாமலா? கோவம் வேற, கதிரை வேற எண்டு சனம் பிரிச்சு வெச்சிருக்கு.

பக்கத்து மாவட்டத்துல பட்ட அடி

கல்முனைக்கு அங்கால இருக்கிறவங்களுக்கு இத விளங்கப்படுத்தவே தேவையில்ல. 2020ல அம்பாறையில முன்னாள் புலித் தளபதி கருணா தனியா இறங்கினார், எடுத்தது 29,379. கூட்டமைப்பு 25,220. ரெண்டையும் சேத்தா 54 ஆயிரத்துக்கு மேல, ஒரு சீட் நிச்சயம். பிரிஞ்சதால ரெண்டு பேருக்கும் பூச்சியம். ஏழு எம்பி இருக்கிற மாவட்டத்துல சனம் நேரடியா போட்டு அனுப்பின தமிழ் எம்பி ஒராளும் இல்ல, தேசியப் பட்டியல்ல கலையரசன குடுத்துத்தான் சமாளிச்சாங்க. கல்முனை வடக்கு பிரதேச செயலகப் பிரச்சினை கொதிச்சுக்கொண்டு இருக்கிற நேரத்துல இப்படி ஒரு அடி. கருணாவுக்கு போட்ட சனமும் அந்தச் செயலகக் கோவத்துலதான் போட்டது, கூட்டமைப்பு நாலு வருசமா அரசாங்கத்துக்கு முண்டு குடுத்தும் ஒரு செயலகத்த தரமுயர்த்த ஏலாமப் போச்சே எண்டு. கோவம் நியாயம்தான். கதிரை போனது போனதுதான்.

2024ல அம்பாறை சனம் 33,632ஐ வீட்டுல போட்டு கோடீஸ்வரன அனுப்பிச்சுது. மட்டக்களப்பும் அம்பாறையும் ஒரே நாள்ல ஒரே மாதிரி நடந்துக்கிட்டதுக்கு காரணம் ஒரே பாடம்.

கட்சிக்கா, ஆளுக்கா

இது மட்டும்தான் காரணம் எண்டு சொல்லமாட்டன், ஏனெண்டா அந்த 96,975ல சாணக்கியனுக்கு விழுந்த விருப்பு வாக்கு 65,458. வீட்டுக்கு புள்ளடி போட்ட மூண்டு பேர்ல ரெண்டு பேர் அவருக்கும் போட்டிருக்கு. அடுத்தது சிறிநேசன் 22,773, டொக்டர் சிறிநாத் 21,202, சாணக்கியனுக்கும் இவங்களுக்கும் இடையில எவ்வளவு தூரம் பாருங்க. 2020 பிள்ளையான்ட கணக்கும் இதே சாயல், கட்சிக்கு விழுந்த அஞ்சு வாக்குல நாலு அவருக்கு. மட்டக்களப்பு ஒரு முகத்தப் பாத்து போடுது, அந்த முகம் எந்தச் சின்னத்துக்கு கீழ நிக்குது எண்டது ரெண்டாவது.

சாணக்கியன் 2015ல நிண்டது வெற்றிலையில எண்டத இப்ப கன பேர் மறந்திட்டாங்க, இல்லாட்டி மறந்த மாதிரி இருக்கிறாங்க. மகிந்த பக்கத்து வேட்பாளரா நிண்டு தோத்த ஆள், அஞ்சு வருசத்துல தமிழரசுக் கட்சிட எம்பி. தாத்தா இராசமாணிக்கம் அந்தக் கட்சிக்கே தலைவரா இருந்தவர், பட்டிருப்பு எம்பி, அதால "வீட்டுக்கு திரும்பின பிள்ளை" எண்டு சனம் ஏத்துக்கிட்டுது. மறுபக்கம் வியாழேந்திரன், 2015ல வீட்டுல 39 ஆயிரம் விருப்பு வாக்கோட போனவர், 2018 ஒக்டோபர் குழப்பத்துல மகிந்த மைத்திரி பக்கம் தாவி பிரதி அமைச்சர், 2020ல மொட்டு. தாவினதுக்கு சனம் தண்டிச்சுதா? இல்ல, திரும்பவும் அனுப்பிச்சுது. தாவல் எண்டது இஞ்ச புதுசும் இல்ல. 1956ல இருந்து 1977 வரைக்கும் நடந்த பொதுத் தேர்தல் எல்லாத்துலயும் வெண்ட சொல்லின் செல்வர் இராசதுரையே 1979ல யூஎன்பிக்கு போய் அமைச்சர் ஆனவர்தானே, கல்குடாவில தேவநாயகம் எப்பவோ இருந்து யூஎன்பி ஆள், நீதி அமைச்சராயும் இருந்தவர். அரசாங்கத்தோட நிண்டு எடுக்கிறதா, எதிர்க்கட்சியில நிண்டு கேக்கிறதா எண்டது இந்த மண்ணுல ரெண்டு தலைமுறைக்கு மேலான சண்டை. வீட்டுக்கு வீடு இருக்கு, ஒரே வீட்டுக்குள்ளயும் இருக்கு.

ஆனா ஒண்டு, கதிரையில இருந்து வேலை காட்டாட்டி தூக்கி எறியவும் சனம் யோசிக்காது. 2015ல வீட்டுல போன மூண்டு பேர்ல 2020ல திரும்பினது வியாழேந்திரன் மட்டும், அதுவும் வேற சின்னத்துல. 2020ல போன அஞ்சு பேர்ல 2024ல திரும்பினது சாணக்கியன் மட்டும்.

படகு ஏன் தாண்டுது

67,692ல இருந்து 31 ஆயிரத்துக்கு படகு இறங்கினதுதான் உண்மையில இந்தத் தேர்தல்ட பெரிய செய்தி, ஆனா அதப்பத்தி எழுதினவங்க குறைவு. 2020ல படகுக்கு போட்ட சனத்த "ஒட்டுக்குழு ஆதரவாளர்" எண்டு ஒரு சொல்லுல முடிச்சிட்டாங்க, அது அநியாயம். சீயோன் தேவாலயத்துல 2019 ஏப்ரல் 21 குண்டு வெடிச்சு ஒண்டரை வருசம் கூட ஆகல்ல, ஹிஸ்புல்லா ஆளுநரா இருந்த அஞ்சு மாசக் கசப்பு ஒரு பக்கம், மைத்திரி ரணில்ட நல்லாட்சி அரசாங்கத்துக்கு முண்டு குடுத்த கூட்டமைப்பு கையில ஒண்டும் கொண்டு வரல்ல எண்ட ஆத்திரம் ஒரு பக்கம், யாழ்ப்பாணத்துல இருந்து முடிவெடுத்து இஞ்ச அனுப்புறாங்க எண்ட பழைய புண் வேற. 2008ல முதலமைச்சரா இருந்த காலத்துல போட்ட ரோட்டு, குடுத்த வேலை எண்டு சொல்றதுக்கும் அவரிட்ட கொஞ்சம் இருந்துது. எல்லாம் சேந்துதான் 67 ஆயிரம்.

மறுகா அவர் அரசாங்கப் பக்கம், பிறகு 2022ல இராஜாங்க அமைச்சரும் ஆனார். அந்த அரசாங்கத்துட காலத்துலதான் பசளை இல்லாம வயல்வட்டை காஞ்சுது, காஸ் கியூ, எண்ணெய்க் கியூ. மயிலத்தமடு மாதவனைப் பக்கம் மேய்ச்சல் தரையில மாடு சாகுது எண்டு சித்தாண்டியில பண்ணையாளர் ரோட்டில இருந்தாங்க, அரசாங்கத்துக்குள்ள இருந்தவங்களால அந்த ஒண்டையே தீர்க்க ஏலாமப் போச்சு. அரசாங்கத்தோட நிண்டா வேலை நடக்கும் எண்டதுதான் படகுட முழு வியாபாரமும், அது அந்தப் பட்டிக்காரனுக்கு முன்னால பொய்யாப் போச்சு. அதே நேரம் சாணக்கியன் பார்லிமெண்டுல சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் கிழிக்கிற வீடியோ வாட்ஸ்அப்ல ஓடுது, 2021 பெப்ரவரி பொத்துவில்ல இருந்து பொலிகண்டி நடையில முன்னுக்கு நிக்கிறார், கொரோனாவில செத்த முஸ்லிம் ஆக்கள எரிக்கக்கூடாது எண்டு கதைச்சதால காத்தான்குடியிலயும் ஒரு மரியாதை. படகு தாழ ஏறினது வீடு இல்ல, அவர்தான்.

எங்கட பெரியம்மாட்ட இதக் கேட்டன், கொக்கட்டிச்சோலைப் பக்கம். செப்டம்பர்ல டெலிபோன், நவம்பர்ல வீடு, 2025 மே மாசம் பிரதேச சபைக்கு வேற ஒண்டு. ஏன் பெரியம்மா இப்படி மாத்தி மாத்தி எண்டதுக்கு, "மனே, பெரிய ஐயாமாருக்கு போடுறது நம்மள அடிக்காதவன் ஆரெண்டு பாத்து, எம்பிக்கு போடுறது நம்மட ஆள் ஒண்டு குறையாம இருக்க, இது வட்டாரம், கோயில் ரோட்டுக்கு கிரவல் போடணும், நம்மட குடிக்காரப் பொடியன் நிக்கான், அவனுக்கு போடாம வேறாருக்கு போடுறது" எண்டு சொல்லிட்டு நெல்லக் காயப்போடப் போயிட்டா. கொழும்புல இருந்து வாற ஆய்வாளர் எழுதுற "குழம்பிய வாக்காளர்" எண்ட வார்த்தைய அவட முன்னால சொல்லிப் பாக்கணும்.

இதுல குடி எண்டத கவனிக்கணும். தாய்வழியா வாற குடி, கோயிலுக்கு வண்ணக்கர் (கோயில நிர்வகிக்கிறவர்) எந்தக் குடி, திருவிழாவில ஆற்ற நாள் எது எண்டது இஞ்ச இன்னும் உயிரோட இருக்கிற விசயம், படுவான்கரையில கூடுதலா. கச்சேரி, பஸ் ஸ்டாண்ட் எண்டு டவுனுக்குள்ள இருக்கிறவனுக்கு அவ்வளவா இல்ல, அதாலதான் திசைகாட்டிக்கு டவுன்ல பிடி கூட எண்டு நான் நினைக்கிறன், சம்பளக்காரர், கம்பஸ் பொடியன்மார், அரசாங்க உத்தியோகத்தர். அவங்கட வாக்கு ஊழலுக்கு எதிரான வாக்கு, அத சும்மா தெற்குக் காய்ச்சல் எண்டு தள்ள ஏலாது, ரெண்டாமிடம் எண்டது சின்ன விசயம் இல்ல. 2006ல வடக்கு கிழக்கு இணைப்ப கோர்ட்டுல உடைச்சது ஜேவிபி (திசைகாட்டிட தாய்க் கட்சி) ஆக்கள்ட வழக்குத்தான் எண்டு மேடை மேடையா சொன்னாங்க, ஆனா அது இஞ்ச யாழ்ப்பாணத்துல மாதிரி சுடாது, கிழக்கு தனியா இருக்கட்டும் எண்டு நினைக்கிற தமிழ் ஆக்களும் இந்த மாவட்டத்துல நிறைய.

முஸ்லிம் ஊர்க் கணக்கும் வெளியில இருந்து பாக்கிற மாதிரி ஒரே கட்டி இல்ல. காத்தான்குடிக்கு ஒரு எம்பி, ஏறாவூருக்கு ஒரு எம்பி, கல்குடாவுக்கு ஒரு எம்பி எண்டுதான் அங்க சண்டை, கட்சி எண்டது அந்த ஊர் சண்டைக்கு போடுற சட்டை. 2024ல ஹிஸ்புல்லா போனது காத்தான்குடிக்கு வெற்றி, ஏறாவூர்லயும் ஓட்டமாவடியிலயும் அண்டைக்கு வெடி கொளுத்தினவங்க குறைவுதான். தமிழ் ஆக்கள் அவங்கள ஒரு கட்டியா நினைச்சு பயப்படுறாங்க, அவங்க தமிழ் ஆக்கள ஒரு கட்டியா நினைச்சு பயப்படுறாங்க, ரெண்டு பயமும் சேந்து வீட்டுக்கும் மரத்துக்கும் சீட் எடுத்துக் குடுக்குது.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல்ல பிள்ளையான சிஐடி பிடிச்சு ஒரு மாசம் கூட ஆகல்ல, அனுதாப வாக்கு குவியும் எண்டு சொன்னவங்களும் இருந்தாங்க, குவியல்ல. மாநகரசபையில வீடு முதலாவது, திசைகாட்டி அடுத்தது. அதுல பெரிசா அதிசயிக்க ஒண்டும் இல்ல.

இந்த வாசிப்பு சரியா பிழையா எண்டு பாக்கிறதுக்கு ஒரு தேர்தல் இருக்கு, மாகாண சபை. கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரோட கலைஞ்சது, இன்னும் வைக்கல்ல. 2012ல கூட்டமைப்பு 11 எடுத்தும் ஏழு எடுத்த மரம் வெற்றிலையோட சேந்துது, 2015ல கூட்டமைப்பே ஆதரவு குடுத்து மரத்துட ஆள முதலமைச்சர் ஆக்கிச்சுது, அந்த ரெண்டும் இஞ்ச இன்னும் ஆறல்ல. முதலமைச்சர் கதிரை ஒண்டுதான், போனஸ் சீட் மாதிரி பிரிக்கிற கணக்கு இல்ல, திருகோணமலையும் அம்பாறையும் சேந்து தீர்மானிக்கிறது. அங்கயும் 97 ஆயிரம் வீட்டுக்கு விழுந்தா நான் சொன்ன கதிரைக் கணக்கு சரி. படகு திரும்ப ஐம்பதாயிரத்த தாண்டினா சாணக்கியன்ட முகம்தான் அண்டைக்கு வேலை செஞ்சது, மற்றதெல்லாம் நான் கட்டின கதை எண்டு எடுத்துக்கொள்ளுங்க.